விண்கல் படம்: பிள்ளைகளுக்கு காட்டலாமா? பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

கோலியனூர்:

ராக்கெட், விண்கல் என்று பதற வைக்கும் படத்தை டி.வி.யில் போட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். ராத்திரி "அம்மா, பயமா இருக்கு" என்று எழுந்து உட்கார்ந்தால்தான் சிக்கல்.

2018-ல் வெளியான 'டிக் டிக் டிக்' இந்த ரகம்தான். ஜெயம் ரவி (இப்போது ரவி மோகன்) நடித்தது. வங்கக்கடலில் விழ வரும் ராட்சத விண்கல்லை தகர்க்க விண்வெளிக்கு போகும் கதை. நடுவே நாயகனின் மகனை பிடித்து வைத்து மிரட்டுவார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு விண்கல்லை விட இதுதான் பெரிய பயம்.

கடலும் நமக்கு தூரமில்லை. 2004 சுனாமி மரக்காணம் பகுதியையும் தாக்கியது. அதை கேட்டு வளரும் பிள்ளை, "இங்கேயும் வருமா?" என்று கேட்கத்தான் செய்யும்.

தணிக்கை சான்றில் 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். 'யு/ஏ' என்றால் முடிவு பெற்றோர் கையில். 2024-ல் வந்த புதிய விதிப்படி இது 7+, 13+, 16+ என்று 3 ஆக பிரிக்கப்பட்டது. பழைய படங்களில் இந்த வயது குறிப்பு இருக்காது.

எனவே முதலில் பெரியவர்கள் பார்த்துவிடுவது நல்லது. 7 வயதுக்குள் என்றால் தள்ளிப்போடலாம். மற்ற பிள்ளைகளோடு கூடவே உட்காருங்கள். பயந்தால் உடனே நிறுத்துங்கள்.

"எல்லாம் சும்மா கதை" என்று அதட்டினால் பயம் போகாது. 2022-ல் நாசா ஒரு விண்கலத்தை மோதவிட்டு, டைமார்பஸ் என்ற விண்பாறையின் பாதையையே மாற்றிக்காட்டியது. அதை சொல்லுங்கள். பிள்ளை நிம்மதியாக தூங்கும்.