ஆறாம் விரல்

விபத்தில் இழந்த கைக்கு ஈடாகச் செயற்கைக் கையைப் பொருத்துவது மருத்துவத்தின் பழைய பணி. குறையேதும் இல்லாத உடலோடு இன்னோர் உறுப்பைச் சேர்ப்பதோ புதிய முயற்சி. இதில் வலிமையைக் கூட்டுவதே தொடக்கக்கால இலக்காக இருந்தது. 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்னும் அணியும் இயந்திரத்தை உருவாக்க முனைந்தது. ஏறத்தாழ 680 கிலோ எடையுள்ள அதன் ஒரு கையை மட்டுமே செம்மையாக இயக்க முடிந்தது. உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே இயக்கியபோது அது கட்டுக்கடங்காமல் குலுங்கியது. வலிமை இருந்தது, ஏவலுக்கு அடங்கவில்லை.

கூடுதல் உறுப்புக்கு ஆணையிடுவது எந்த உறுப்பு? இக்கேள்விக்கு வடிவமைப்பாளர் டேனி குளோட் கண்ட விடை கால் பெருவிரல். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் 2017ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய 'மூன்றாம் கட்டைவிரல்' முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்டது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் அதை அணிய வேண்டும். இரு கால் பெருவிரல்களின் அடியிலும் அழுத்த உணரிகள் உள்ளன. வலக்கால் விரலை அழுத்தினால் அது உள்ளங்கைக்குக் குறுக்கே நகரும். இடக்கால் விரலை அழுத்தினால் மற்ற விரல்களை நோக்கி மேலெழும். அழுத்தத்தின் அளவே அசைவின் அளவு. அழுத்தத்தை விட்டால் பழைய இடத்திற்குத் திரும்பிவிடும். காலுக்கும் கைக்கும் இடையே கம்பி ஏதுமில்லை.

எளிய ஏற்பாடுதான், ஆயினும் மூளை அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நரம்பியல் அறிஞர் டாமர் மேக்கின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் இருபது பேர் ஐந்து நாள்கள் இவ்விரலோடு பயிற்சி பெற்றனர். ஒரே கையால் பல பந்துகளை அள்ளினர். கணக்குப் போட்டுக்கொண்டே மரக்கட்டைகளை அடுக்கினர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களது மூளை படமெடுக்கப்பட்டது. ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனியே தோன்றும் செயற்பாட்டு வடிவங்கள், பயிற்சிக்குப்பின் தம்முள் வேறுபாடு குறைந்து காணப்பட்டன. ஒரு வாரம் கழித்து அவர்களுள் சிலரைச் சோதித்தபோது அம்மாற்றம் தணிந்திருந்தது. புதிய உறுப்பை வடிவமைப்பவர் அணிபவரின் மூளையிலும் கைவைக்கிறார் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

ஆய்வுக்கூடத்துத் தன்னார்வலர் சிலரை மட்டும் கொண்டு இத்தகைய கருவியை மதிப்பிடுவது போதாது. 2022இல் லண்டன் ராயல் சொசைட்டியின் கோடைக்கால அறிவியல் கண்காட்சியில், 3 முதல் 96 வயது வரையிலான 596 பேர் இவ்விரலை அணிந்து பார்த்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முதல் நிமிடத்திலேயே பொருள்களைக் கையாண்டனர். அதைப் பயன்படுத்தவே இயலாதவர் நால்வர் மட்டுமே; அவர்களுள் சிலருக்குக் கருவி கையில் சரியாகப் பொருந்தவில்லை. சிலரால் காலால் அதை இயக்க இயலவில்லை. கண்காட்சிக்கெனத் தனியே செய்யப்பட்ட உணரிகள், எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு ஏற்றவையாக இல்லை.