645 பொருள் கொண்ட ஒரு சொல்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் சில பாடங்களிலேயே 'ரன்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிடும். மூன்றே எழுத்து, ஓடு என்று பொருள். இந்தச் சின்னச் சொல்லுக்குப் புதிதாகப் பொருள் எழுத, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஏறக்குறைய 9 மாதங்கள் பிடித்தன. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்த 'செட்' என்ற சொல்லை அது பின்னுக்குத் தள்ளியது.

இத்தனை பொருள்கள் எங்கிருந்து வந்தன? ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே மனிதனும் ஓடினான், தண்ணீரும் ஓடியது. தண்ணீருக்கு ஆகிவந்ததும் சளி பிடித்த மூக்கு ஒழுகுவதற்கும், துணியில் சாயம் போவதற்கும் அதே சொல் பொருந்திப்போனது. பிறகு அசையாதவையும் ஓடத் தொடங்கின. ஆற்றோரமாகச் செல்லும் சாலை 'ரன்' ஆகிறது. உண்மையில் சாலை நகர்வதில்லை. அதன் நீளத்தில் நம் பார்வைதான் நகர்கிறது. இதைக் கற்பனை நகர்வு என்கிறார் மொழியியலாளர் லென்னர்ட் டால்மி. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நோயும், மாதக்கணக்கில் மேடையேறும் நாடகமும் இதே சொல்லுக்குள் வந்தன. இங்கே இடத்தைக் கடப்பது போய், தொடர்ச்சி மட்டும் மிஞ்சியது.

ஆலைகளும் ரயில்களும் பெருகிய காலத்தில் அதன் எல்லை இன்னும் விரிந்தது. இயந்திரம் தானாக ஓடினால் 'ரன்'. அதை ஒருவர் ஓட்டினாலும் 'ரன்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வடிவம் மாறுவதில்லை. இயந்திரத்தை இயக்குபவர் ஆலையை இயக்குகிறார். கடையை, கம்பெனியை, அரசாங்கத்தையே இயக்குகிறார். கணினி வந்தபோது நிரலை இயக்கவும் இந்தப் பழைய சொல்லே போதுமானதாக இருந்தது.

தமிழின் 'ஓடு' பாதி வழி இதனோடு சேர்ந்தே வருகிறது. நம்மிடமும் ரத்தம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, தியேட்டரில் படம் நூறு நாள் ஓடுகிறது. ஆனால் கடையை நாம் நடத்துகிறோம். நடப்பதிலிருந்து பிறந்த சொல் அது. அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார். பிரிட்டன் வேட்பாளர் நிற்கிறார், நம்மவரைப் போலவே. ஒரே அனுபவத்தை எந்த உடல் அசைவோடு பொருத்துவது என்பதில் ஒவ்வொரு சமூகமும் தன் வழியைத் தேர்ந்துகொள்கிறது.

645 பொருள் இருந்தும் கேட்பவர் குழம்புவதில்லை. மூக்கு என்றதுமே ஒழுகல் மட்டும் மிஞ்சுகிறது; ஓட்டல் என்றால் நிர்வாகம்; கிரிக்கெட் என்றால் ஸ்கோர். பக்கத்துச் சொற்கள் மற்ற பொருள்களை விலக்கிவிடுகின்றன. இந்த வேலையை நம் மூளை இமைப்பொழுதில் முடித்துவிடுகிறது. கணினிக்கு இதைக் கற்பிப்பதோ பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களைத் திணறடித்தது.

அதிகம் புழங்கும் சொல்லுக்கே அதிகப் பொருள் என்பதை 1945-லேயே கணக்கிட்டுக் காட்டினார் ஹார்வர்டு மொழியியலாளர் ஜார்ஜ் ஜிஃப். சொல் ஒன்றின் பொருள்களின் எண்ணிக்கை, அது பயன்படும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்றார். நினைவில் தங்கும் சொற்களுக்கு எல்லை உண்டு. சொல்ல வேண்டியவற்றுக்கு இல்லை. அதனால் கைவசம் இருக்கும் சொல்லையே மனிதர்கள் புதிய இடங்களுக்கு நீட்டுகிறார்கள்.

ஆங்கிலம் கற்பவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 645 பொருளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்தச் சொல் எந்தெந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்று கவனித்துப் படித்தால் போதும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.