எவ்வளவு ஆக்சிஜன் போதும்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பாதத்தைச் சுற்றிச் சிவப்பு வெளிச்சம் கசியும் சிறு பட்டை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதிலிருந்து போகும் வயர் ஒரு திரையில் முடியும். அங்கே 91, 93, 92 என்று ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். கோவிட் காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். 94-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று அப்போது வீட்டுக்கு வீடு தெரிந்துகொண்டோம். அந்த நினைப்போடு நிற்கும் அப்பா, 91-ஐப் பார்த்துப் பதறி, “இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் வைக்கக் கூடாதா சிஸ்டர்?” என்று கேட்பார். சிஸ்டர் வைக்க மாட்டார். ஆக்சிஜனில் இருக்கும் குழந்தைக்கு எண் 95-ஐத் தாண்டினால் அவர் எழுந்து வருவார், ஆக்சிஜனைக் குறைப்பதற்காக.

90-க்கும் 95-க்கும் இடையே நிறுத்து என்கிற இந்தக் கணக்கு வந்துசேர எழுபது ஆண்டுகள் பிடித்தன. இதற்காக ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையை இழந்தன. அதைவிட அதிகமான குழந்தைகள் உயிரையே இழந்திருக்கலாம். பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு கனமான வரலாறு உள்ள எண் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1942-ல் பாஸ்டன் நகரின் கண் மருத்துவர் தியோடர் டெரி ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார். குறைமாதக் குழந்தைகள் சிலரின் கண் லென்ஸுக்குப் பின்னால் சாம்பல் வெண்மையில் ஒரு சவ்வு படர்ந்திருந்தது. பிறந்தபோது தெளிவாக இருந்த கண்கள் சில மாதங்களில் ஒளியிழந்தன. அடுத்த 12 ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குழந்தைகள். 1950-ல் மிச்சிகன் மாநிலத்தில் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

மருத்துவர்களைக் குழப்பியது வேறொன்று. ஏழை மருத்துவமனைகளில் இந்த நோய் அரிது. நவீன இன்குபேட்டர்களும் தேர்ந்த செவிலியர்களும் உள்ள நல்ல மருத்துவமனைகளில்தான் அது பெருகியது. வைட்டமின், இரும்புச்சத்து, பசும்பால், விளக்கு வெளிச்சம் என்று எதை எதையோ சந்தேகித்தார்கள். குறைமாதக் குழந்தை விட்டுவிட்டு மூச்சு விடும். ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு சீராகும், உடம்பு ரோஜா நிறத்துக்கு வரும். கண்ணெதிரே நன்மை செய்யும் அதன்மீது யாருக்குச் சந்தேகம் வரும்? வாரக்கணக்கில் தாராளமாகக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்துச் சிகிச்சை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மன், கண்ணில் நோயின் தொடக்கக் குறிகள் தெரிந்த 31 குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கொடுத்தார். 25 குழந்தைகள் பார்வையோடு வீடு திரும்பினார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தி, மருந்து கிடைத்துவிட்டது என்று அறிவித்திருப்பார்கள். சில்வர்மனுக்கு உறுத்தியது. மருந்து கொடுக்காத இன்னொரு மருத்துவமனையில் ஏழு குழந்தைகளில் ஒருவருக்குத்தான் பார்வை போயிருந்தது. அதனால் குலுக்கல் முறையில் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார். மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் பார்வையிழந்தார்கள். பெறாதவர்களில் ஐந்தில் ஒருவர்தான். போதாததற்கு, மருந்து பெற்றவர்களிடையே இறப்பும் கூடுதல். அந்த நோய் தொடக்க நிலையில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ‘கொடுத்தோம், குணமானது’ என்ற அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த மருந்து இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஆக்சிஜன் மீதான முதல் விரல்நீட்டல் 1951-ல் மெல்போர்னிலிருந்து வந்தது. அதைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில் நோய் அதிகம், சிக்கனமாகக் கொடுத்த இடத்தில் குறைவு என்று டாக்டர் கேட் கேம்பெல் காட்டினார். அதே காலத்தில் வாஷிங்டனின் காலிங்கர் நகராட்சி மருத்துவமனையில் ஆர்னல் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவர், குழந்தைகளை அதிக ஆக்சிஜன், குறைந்த ஆக்சிஜன் என்று இரு பிரிவாக்கி ஆராய்ந்தார். ஆக்சிஜனைக் குறைத்தால் பிள்ளை செத்துவிடுமே என்று பயந்த செவிலியர்கள் சிலர், இரவில் யாரும் பார்க்காதபோது குறைந்த பிரிவுக் குழந்தைகளுக்கும் அளவைக் கூட்டிவைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு சின்ன உயிரின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், அந்தப் பரிவுதான் கண்களைப் பறித்துக்கொண்டிருந்தது.

காரணம் கண்ணின் வளர்ச்சியில் இருக்கிறது. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கருவின் நான்காம் மாதவாக்கில், பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து கிளம்பி, விளிம்பை நோக்கி வளரத் தொடங்குகின்றன. விளிம்பைத் தொட ஏறக்குறைய முழு மாதமும் வேண்டும். கருப்பைக்குள் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் வளர்ச்சியின் தூண்டுகோல். ரத்தம் இன்னும் எட்டாத பகுதி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. ஈரம் இருக்கும் பக்கம் வேர் நீள்வதைப் போல, அந்தப் புரதம் இருக்கும் பக்கம் குழாய்கள் நீள்கின்றன. ஆறு, ஏழு மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் திடீரென்று பெருகினால் இந்தச் சுரப்பு நின்றுபோகிறது. குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன, இருப்பவையும் சுருங்குகின்றன. சில வாரம் கழித்து, வளர்ந்துவிட்ட விழித்திரை ரத்தமில்லாமல் பட்டினி கிடக்கும்போது, அதே புரதம் வெள்ளமாகச் சுரக்கிறது. அப்போது முளைக்கும் குழாய்கள் தாறுமாறானவை, எளிதில் கசிபவை. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பிடித்திழுத்துக் கழற்றிவிடுகின்றன.

1953-ல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து, 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கின. மறு ஆண்டு முடிவு வந்தது. தாராள ஆக்சிஜன் பெற்றவர்களிடம் பார்வையைப் பாதிக்கும் தழும்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். உலகம் முழுக்க ஆக்சிஜனைக் குறைத்தார்கள். 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது விதியானது. கண்நோய் சட்டென்று ஏறக்குறைய மறைந்தது. வெற்றி என்று கொண்டாடினார்கள்.

அந்த ஆய்வில் ஓர் ஓட்டை இருந்தது. பிறந்து 48 மணி நேரம் பிழைத்துக் கிடந்த குழந்தைகளை மட்டுமே அதில் சேர்த்திருந்தார்கள். முதல் இரண்டு நாளில், நுரையீரல் முதிராத பிள்ளைக்கு ஆக்சிஜனைக் குறைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதிலே கிடையாது. விதியோ எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நிமிடத்திலிருந்தே பொருத்தப்பட்டது. நுரையீரல் கோளாறால் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதை 1960-ல் மேரி எலன் ஏவரியும் அவருடைய சக ஆய்வாளரும் சுட்டிக்காட்டினார்கள். 1973-ல் பிரிட்டனின் கென்னத் கிராஸ் இறப்புப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்: காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கலாம். இது மதிப்பீடுதான், எண்ணி எடுத்த கணக்கல்ல. பாதியே உண்மை என்றாலும் தாங்க முடியாத எண். பார்வையற்ற பிள்ளை எல்லோர் கண்ணிலும் பட்டது. முதல் நாளே இறந்துபோன பிள்ளை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

கூடக் கொடுத்தால் கண், குறையக் கொடுத்தால் உயிர் என்றால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று நொடிக்கு நொடி தெரிய வேண்டும். தோலின் நிறத்தைப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு முறையும் தமனியிலிருந்து ரத்தம் எடுக்க, ஒரு கிலோ குழந்தையிடம் மொத்தமே 80, 90 மில்லிதான் இருக்கிறது.

வழி ஜப்பானில் பிறந்தது. நிஹான் கோடன் நிறுவனத்தின் பொறியாளர் தகுவோ அயோயாகி, ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது வழியே ஒளி பாய்ச்சி, இதயத்தின் செயல்பாட்டை அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்த இடையூறையே கருவியாக்க முடியும் என்பது அவருக்கு எட்டியது. ஒவ்வொரு துடிப்பின்போதும் உள்ளே வருவது தமனி ரத்தம் மட்டும்தான். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுவிடலாம். 1974-ல் இதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் அந்தக் கருவி பயன்படுகிறது. அயோயாகி 2020 ஏப்ரலில், உலகமே அதை விரலில் மாட்டிக்கொண்டிருந்த வேளையில், காலமானார்.

அந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. 98-க்கு மேலே போய்விட்டால், ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றே மிகுதியா, அபாயகரமான மிகுதியா என்று அதனால் சொல்ல முடியாது. வெறும் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கு 99 வந்தால் கவலையில்லை. வெளியிலிருந்து ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு அதே 99 எச்சரிக்கை. தோலின் கறுமை கூடும்போது கருவி உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும் என்பதும் அண்மை ஆண்டுகளில் உறுதியாகியிருக்கிறது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

கருவி கையில் இருந்தும், எந்த எண்ணில் நிறுத்துவது என்பது 2000-களிலும் தெரியவில்லை. சில மருத்துவமனைகள் 85 போதும் என்றன, சில 95 வேண்டும் என்றன. எல்லாம் பழக்கம்தான். ஐந்து பெரிய ஆய்வுகள் தொடங்கின. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளில், 28 வாரத்துக்கு முன் பிறந்த 4,965 குழந்தைகள். ஒரு பாதிக்கு இலக்கு 85 முதல் 89, மறுபாதிக்கு 91 முதல் 95. காலிங்கர் செவிலியர்கள் செய்தது திரும்ப நடக்காமலிருக்க, கருவிகளையே மாற்றியமைத்தார்கள். சில கருவிகள் மூன்று புள்ளி கூட்டிக் காட்டின, சில மூன்று புள்ளி குறைத்துக் காட்டின. செவிலியர் எல்லாக் குழந்தைகளையும் 88-க்கும் 92-க்கும் இடையே வைக்கப் பார்ப்பார். எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு 2018-ல் வெளியானது. குறைந்த இலக்குப் பிரிவில் 1,000-க்கு 199 குழந்தைகள் இறந்தார்கள், உயர்ந்த இலக்கில் 171. குடல் திசு அழுகும் கொடிய நோயும் குறைந்த இலக்கில் அதிகம். கண்ணுக்குச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மட்டும் உயர்ந்த இலக்கில் கூடுதல்: 1,000-க்கு 149, மற்றதில் 109. கண்ணுக்கு லேசர் உண்டு, மரணத்துக்கு இல்லை. அதனால்தான் 90-க்கு மேல் என்று உலகம் முடிவெடுத்தது.

அமெரிக்க ஆய்வு வேறொரு விவாதத்தையும் கிளப்பியது. பார்வை இழப்பு, மரணம் ஆகிய ஆபத்துகளைச் சம்மதப் படிவங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013-ல் அந்நாட்டு அரசின் கண்காணிப்பு அலுவலகம் கண்டித்தது. இரண்டு இலக்குகளுமே வழக்கத்தில் இருந்தவைதானே என்று மருத்துவர்கள் பலர் எதிர்த்து எழுதினார்கள். ஆய்வு நடந்தே ஆக வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், “எது சரி என்று எங்களுக்கே தெரியவில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆபத்து உண்டு” என்று அந்தத் தாய் தகப்பனிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பலரும் சம்மதித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு 100 சதவீத ஆக்சிஜன் செலுத்துவதே உலக வழக்கமாக இருந்தது. வெறும் காற்று போதாதா என்று டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் சித்தார்த் ராம்ஜி, நார்வேயின் ஓலா சௌக்ஸ்டாட் ஆகியோரின் குழு 84 குழந்தைகளிடம் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டது. 1998-ல் ஆறு நாடுகளின் 11 மருத்துவமனைகளில், 609 குழந்தைகளிடம் அதே கேள்வி. காற்று பெற்ற குழந்தைகள் பின்தங்கவில்லை, முதல் மூச்சை இன்னும் சீக்கிரமே எடுத்தார்கள். பின்வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. 2010 முதல், மாதம் நிறைந்த குழந்தைக்குக் காற்றிலிருந்தே தொடங்கு என்பது சர்வதேச நெறியாகிவிட்டது. சிலிண்டர் இல்லாத கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

2020-ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். மாவட்ட மருத்துவமனைகள் வரை பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகள் வந்துவிட்டதால், முன்பு பிழைக்காதவர்கள் இன்று பிழைக்கிறார்கள். ஆனால், ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து அளவாகத் தரும் பிளெண்டர் எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் தூய ஆக்சிஜனே குழாயில் போகிறது. அதனால் மேலை நாடுகளில் இந்தக் கண்நோய் பெரும்பாலும் வராத, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைகளுக்கும் இங்கே வருகிறது. இதை எண்ணித்தான் இந்திய நெறிமுறை வரம்பை விரித்து வைத்திருக்கிறது: 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலும், எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலும், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ இரண்டு, மூன்று வாரத்திலேயே.

கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, கண் மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். ஒருமுறை பார்த்து ‘இப்போது ஒன்றுமில்லை’ என்றாலும், ரத்தக்குழாய்கள் விளிம்பைத் தொடும்வரை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். சிகிச்சை தேவை என்றால் இரண்டு, மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ நடந்தாக வேண்டும். குழந்தை எடை கூடி, நன்றாகப் பால் குடித்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் நாள் பெரும்பாலும் இந்த 30 நாளை ஒட்டியே வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக்கு ஒரு தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.