பொழியூர்க் கரையின் பிரஷர் கணக்கு

திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை பொழியூரோடு முடிகிறது. அடுத்த ஊர் குமரி மாவட்டத்து நீரோடி. எல்லையின் இரு பக்கமும், பிரஷர் கூடினால், ஒரே பேச்சு: "டென்ஷன்தான், வேறொண்ணுமில்ல." அந்த டென்ஷனை எண்ணிப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும்.

எத்தனை பேர்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 வயது நிரம்பிய ஆண்களில் 32.8%, பெண்களில் 30.9% பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதல், அல்லது அதற்கு மாத்திரை எடுக்கிறார்கள். இந்திய அளவில் இது 24.0%, 21.3%.

பயத்தின் கணக்கு: 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது இந்தக் கரைகளில் கடலுக்குப் போன வள்ளங்களுக்காக நாள்கணக்கில் கண்விழித்தார்கள். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்தக்குழாய் இறுகும், நாடி விரையும். நிமிடத்துக்கு 70 துடிப்பு 85 ஆனால், ஒரு மணி நேரத்தில் 900 துடிப்பு கூடுதல். பயம் நீங்கினால் இந்த ஏற்றம் இறங்கிவிடும். தூக்கமின்மை, புகை, மது, உப்பு என்று பயம் பழக்கமாக மாறும்போது அழுத்தம் நிலைத்துவிடலாம்.

உப்புக் கணக்கு: ஜூன், ஜூலையில் கடல் கரையைத் தின்னும். வீடு நிற்குமா என்ற கவலை பெருகும் அதே மாதங்களில், பச்சை மீன் குறைந்து தட்டில் கருவாடு ஏறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு. நாலு பேர் வீட்டுக்கு 30 நாளில் 600 கிராம். சமையலிலேயே ஒரு கிலோ பாக்கெட் மாதத்தில் தீர்ந்தால் 400 கிராம் அதிகம். கருவாட்டு உப்பு அதற்கு மேல்.

அளவெடுக்கும் கணக்கு: மீன் விற்றுவிட்டு வேகமாக நடந்து வந்த ஒருவர், சாய்மானமில்லாத ஸ்டூலில், கை தொங்க, பேசியபடியே பிரஷர் பார்க்கிறார் என்று வைப்போம். பேச்சுக்கு சுமார் 10 புள்ளி, தாங்கலில்லாத கைக்கு 10, சாயாத முதுகுக்கு 6 வரை கூடலாம். அவருடைய 130, கருவியில் 150-ஐத் தாண்டிவிடலாம். சரியான முறைக்கு ஆகும் செலவு: 5 நிமிட அமைதி, நெஞ்சுயரத்தில் தாங்கிய கை, ஒரு நிமிட இடைவெளியில் 2 அளவு.

இலாபக் கணக்கு: மாத்திரையால் மேல் அளவு 5 புள்ளி இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 10% குறைகின்றன; 48 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான முடிவு இது. அந்த மாத்திரையை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே வாங்கலாம்.

இருப்பு: கடலரிப்புக்கு அஞ்சும் கரையோரக் குடும்பத்துக்குக் கேரள அரசின் புனர்கேகம் மறுகுடியமர்வுத் திட்டம் 10 லட்சம் ரூபாய் தருகிறது. அது வீட்டுக்கான பணம் மட்டுமல்ல, ராத்திரித் தூக்கத்துக்கான பணமும்கூட, தாமதிக்கக் கூடாது. அதுவரை நம் பங்கு ஒன்று உண்டு. வள்ளம் கரை சேர்ந்து மனம் அடங்கிய பின்னும், வேறு வேறு நாளில் 140/90-க்குக் குறையாமல் நின்றால் அதை டென்ஷன் என்று தள்ளிவிடாதீர்கள். அது நோய், அதற்கு மருந்து உண்டு.