உங்களுக்குத் தெரியுமா? மூன்றே மூன்று!

இந்தியாவில் நாடு தழுவிய முதல் ஆற்று டால்பின் கணக்கெடுப்பில் சிந்து நதி டால்பின்கள் வெறும் 3. மூன்றும் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில். மற்ற 6,324-ம் கங்கை டால்பின்கள்.

• 2021–23இல் 8 மாநிலங்கள், 28 ஆறுகள், 8,500 கிலோமீட்டருக்கு மேல் அலசினார்கள்.

• கங்கை டால்பினுக்குப் பார்வை கிட்டத்தட்ட இல்லை. மூச்சுவிட ஓரிரு நொடிதான் மேலே வரும். கண் இமைத்தால் கணக்கு போச்சு! அதனால் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி, அது எழுப்பும் 'டிக் டிக்' ஒலியையும் கேட்கிறார்கள்.

• பியாஸ் கரையில் காவலுக்கு ஊர்க்காரர்களே தன்னார்வலர்கள்: 'டால்பின் மித்ரா'க்கள்.

• நம் மன்னவனூர் ஏரியில் டால்பின் ஏது? பறவை உண்டே. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று எண்ணி, பட்டியலை 'ஈ-பேர்ட்' தளத்தில் ஏற்றினால் போதும்.