பக்கத்து பெஞ்சில் தொடங்கட்டும் நல்லிணக்கம்

"நோன்பு வச்சா தண்ணிகூட குடிக்க மாட்டீங்களா?", "உங்க சாமிக்கு ஏன் படமே இல்ல?" பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளிடம் சக மாணவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஆவலில் கேட்பவைதான். ஆனால் பதில் சொல்லத் தெரியாத நம் பிள்ளை கூச்சத்தோடு ஒதுங்கிக்கொள்கிறது. கேட்ட பிள்ளையோ பிறகு வாட்ஸ்அப் வதந்தியிலிருந்து பதிலைத் தெரிந்துகொள்கிறது. சமயங்களுக்கிடையே உரையாடல் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உரையாடல் என்றதும், ஈமானில் சமரசம் செய்வதாகிவிடுமோ என்ற தயக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அல்காஃபிரூன் அத்தியாயம் மார்க்கத்தின் எல்லையைத் தெளிவாக வகுத்துவிட்டது. நம்மோடு போரிடாத பிற சமயத்தாருக்கு நன்மை செய்யவும் நீதியோடு நடக்கவும் அல்மும்தஹனா அத்தியாயத்தின் 8-வது வசனம் வழிகாட்டுகிறது. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்து நபி (ஸல்) அவர்களுடன் விவாதித்தார்கள். கொள்கையில் உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் பாதுகாப்பு உடன்படிக்கையோடு ஊர் திரும்பினார்கள். கருத்து வேறுபாடு இருந்தபடியே சமாதானமாக வாழலாம் என்பதே இதில் நமக்குப் படிப்பினை.

சரி, எப்படித் தொடங்குவது? வெறுமனே சந்தித்துக் கைகுலுக்கினால் தப்பெண்ணம் நீங்கிவிடாது. அமெரிக்க உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதற்கு 4 நிபந்தனைகளைச் சொன்னார்: இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும்.

இந்த அளவுகோலில் நம் நிகழ்ச்சிகளையே எடைபோட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒருமுறை இஃப்தாருக்கு அழைத்து, மேடையில் சால்வை போர்த்தி அனுப்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அங்கே ஒருவர் விருந்தளிப்பவர், மற்றவர் விருந்தாளி. சேர்ந்து செய்த வேலை எதுவும் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தவருக்கும் கதவு திறந்தன. பல சமய இளைஞர்கள் ஒன்றாக உணவுப் பொட்டலம் சுமந்தார்கள். அந்த உறவு ஆழமானது. மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்க ஏற்பட்ட ஹில்ஃபுல் ஃபுளூல் ஒப்பந்தத்தை, நபித்துவத்திற்குப் பின்னரும் நபியவர்கள் (ஸல்) உயர்வாக நினைவுகூர்ந்ததும் இதனால்தான்.

பள்ளிக்கூடத்திலும் இது சாத்தியமே. அரசு நிதியில் முழுமையாக நடக்கும் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-வது பிரிவு. ஆனால் சமயங்களைப் பற்றி அறிந்துகொள்வது வேறு, மதபோதனை வேறு என்பதை 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றி ஆசிரியர்களிடம் நாம் பேசலாம்.

மஹல்லா ஜமாஅத்துகள் ரத்ததான முகாமையும் குளம் தூர்வாரும் பணியையும் பிற சமயத்தாருடன் சேர்ந்து திட்டமிடலாம். வீட்டில் நாம் செய்ய வேண்டியவை மூன்று. நம் மார்க்கத்தைப் பற்றி எளிய சொற்களில் பதில் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். பிறர் நம்பிக்கையைக் கேலி செய்யும் பேச்சை நம் வீட்டிலும் தடுக்க வேண்டும். பிள்ளையின் நண்பனை வீட்டுக்கு அழைப்பதோடு, அவன் வீட்டுக்கும் நம் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

கலவரம் மூண்ட பிறகு கூடும் சமாதானக் கூட்டத்தைவிட, அதற்கு முன் பத்தாண்டு பழகிய பக்கத்து பெஞ்ச் நட்பு வலிமையானது. அதை இன்றே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.