யார் எவ்வளவு இழுக்கிறார்கள்?

பிரான்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாகக் காட்டிய பலத்தில் ஏறத்தாழ பாதிதான் தேறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததுதான் முக்கியக் காரணம் என்று அவர் கருதினார்.

1974-ல் ஆலன் இங்காம் குழுவினர் அதைச் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். தனியாக இழுக்கிறோம் என்று தெரிந்தபோது அவர் சுமார் 18 சதவீதம் கூடுதலாக இழுத்தார். ஆக, துணைக்கு ஆள் இருக்கிறது என்ற நினைப்பே கையைத் தளரவைக்கிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியே பதிவாகும் என்று சொன்னவுடன் தளர்ச்சி மறைந்ததை, 1981-ல் கிப்ளிங் வில்லியம்ஸும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

அலுவலகத்துக்கு இன்னும் நெருக்கமானது நார்பர்ட் கெர் 1983-ல் கண்டது. கூட்டாளிக்குத் திறமை இருந்தும் ஓபி அடிக்கிறார் என்று தெரிந்தால், நன்றாக உழைத்தவரும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். குழு தோற்றாலும் பரவாயில்லை, தான் இளிச்சவாயன் ஆகக் கூடாது.

மாதக் கடைசியில் இரண்டு பேர் இரவு வரை உட்கார்ந்து கணக்கை முடிக்கிறார்கள். மறுநாள் பாராட்டு மின்னஞ்சல் ஆறு பேருக்கும் போகிறது. அடுத்த மாதம் அந்த இருவரில் ஒருவர் ஐந்தரைக்கே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பிறகு “இதையும் நானேதான் பார்க்கணுமா?” என்று சண்டை வெடிக்கும்போது, மேலாளர் கண்ணுக்கு அது குணக்கோளாறாகத் தெரிகிறது.

குழுச் சச்சரவுகளைக் கேரன் ஜென் மூன்றாகப் பிரித்தார்: வேலையைப் பற்றியது, ஆளைப் பற்றியது, யார் எதைச் செய்வது என்பது பற்றியது. 116 ஆய்வுகளைத் தொகுத்து அவரும் சக ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, பின்னிரண்டும் குழுவைக் கெடுக்கின்றன. வேலையைப் பற்றிய வாதம் அப்படிக் கெடுப்பதில்லை, ஆள்மீதான பகையாக அது திரும்பாத வரை.

“சண்டை போடாம சேர்ந்து பண்ணுங்க” என்று சமாதானம் பேசும் மேலாளர், இதில் மூன்றாவதைத்தான் மூடி மறைக்கிறார். யார் பங்கு எது என்று முதல் நாளே பெயர் போட்டு எழுதிவைப்பது அதைவிட நியாயம். அதற்காகத் தலைக்கு மேல் கேமரா வைக்க வேண்டியதில்லை. செய்கிற வேலைக்கு அர்த்தம் இருப்பதாக உணர்கிறவர்களிடம் தளர்ச்சி குறைவதை, 78 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவன் கராவும் வில்லியம்ஸும் 1993-லேயே சொல்லிவிட்டார்கள்.